வேகமான காருக்கு எந்த பிரேக்? விற்குமுன் நாம் கேட்க வேண்டியவை



நம் சங்க இதழில் அரிசி, எண்ணெய், ஜவுளி பற்றியெல்லாம் அனுபவசாலிகள் எழுதி வருகிறார்கள். உதிரிபாக வணிகத்தைப் பற்றி எழுதுமாறு செயலாளர் பல முறை கேட்டும் நான் தள்ளிப்போட்டே வந்தேன். எழுதுவதென்றால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே காரணம். என் தவறைப் படித்து இன்னொரு கடைக்காரர் எச்சரிக்கை அடைந்தால் அது நல்லதுதானே என்று தோன்றியதால் இப்போது எழுதுகிறேன்.

1978ல் பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு சென்னை ஜி.பி. ரோட்டில் என் தாய்மாமன் நடத்திய கடையில் சேர்ந்தேன். அன்று பிரேக் சரக்கு என்றால் அம்பாசிடர், ஃபியட், லாரி ஆகியவற்றுக்கான லைனிங்தான். நான்கு சக்கரத்திலும் டிரம். பழைய ஷூவைக் கொண்டுவந்தால் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்துக் கொடுப்போம். எந்த வண்டி, எந்த வருஷம் என்ற இரண்டு கேள்விகளோடு வியாபாரம் முடிந்துவிடும்.

2011ல் மொத்தக் கடையை ஒரகடம் கூட்டுரோடு பக்கம் மாற்றிக்கொண்டேன். படப்பை, வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் சில்லறைக் கடைகளும் மெக்கானிக் ஷெட்டுகளும் என் வாடிக்கை. இந்தப் பகுதி மாறிய வேகம் உங்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998லேயே ஹூண்டாய் கார் உருளத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ நிசான், 2012ல் டைம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து ஆலைகள் வந்தன. அவற்றோடு கை நிறையச் சம்பளம் வாங்கும் இளைஞர்களும் வந்தார்கள். டர்போ எஞ்சின் வைத்த சின்னக் காரோ, ஸ்போர்ட்ஸ் காரோ, புதிதோ பழையதோ வாங்கி, எஞ்சினை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்குமுன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த தடம் இது. சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கும் ஆசையும் பல இளைஞர்களுக்கு உண்டு. ஆகவே "ஸ்போர்ட்ஸ் பேட் இருக்கா? பெரிய டிஸ்க் இருக்கா?" என்ற கேள்வி நம் கடைகளுக்கு இப்போது சாதாரணமாகிவிட்டது.

நான் கேட்காத ஒரு கேள்வி

2016 டிசம்பர், மார்கழி பிறந்த சமயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். "ஐயா, ரேஸ் காருக்குப் போடற பேட் வேணும். விலை பிரச்சினை இல்லை" என்றார். 'விலை பிரச்சினை இல்லை' என்ற சொல் வணிகன் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்பையில் உள்ள ஓர் இறக்குமதியாளரிடம் சொல்லிப் பத்து நாளில் வரவழைத்துக் கொடுத்தேன். வழக்கமான பேட்டில் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு லாபம் கிடைத்தது.

வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் தம்பி என்று நான் கேட்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த ஆங்கில வாசகத்தை நான் படிக்கவில்லை. சில்லறைக் கடைக்காரரும் படிக்கவில்லை, மாட்டிய மெக்கானிக்கும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் விடிகாலை, முதல் ஷிப்டுக்காக அவர் வீட்டிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. சாலையின் நடுத்தடுப்பு இடைவெளியில் சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்திருக்கிறார். வழக்கமாக மிதிக்கும் அளவுக்கு பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி பிடிக்கவில்லை. இன்னும் பலமாக மிதித்து அது நிற்பதற்குள் சைக்கிளில் இடித்துவிட்டது. சைக்கிளில் வந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. கால் எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

அந்த இளைஞர் காலிப் பெட்டியுடன் என் கடைக்கு வந்தார். "நான் சண்டை போட வரலைங்க ஐயா. இதைக் கொஞ்சம் படிங்க" என்று மேசைமேல் வைத்தார். 'பந்தயத் தடத்துக்கு மட்டும். சாலையில் பயன்படுத்தக் கூடாது' என்ற பொருளில் இரண்டு வரி இருந்தது.

மருத்துவச் செலவையும் மூன்று மாதச் சம்பளத்தையும் அவரும் நானும் சில்லறைக் கடைக்காரரும் பகிர்ந்துகொண்டோம். பணம் கொடுக்க அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு நேரில் போனேன். அவருடைய மனைவி பணத்தை வாங்கிக்கொண்டு, "ரோட்டுல போனவர் என்னங்க தப்பு பண்ணினாரு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

'செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. அன்று நான் விற்ற சரக்கு மிடுக்கான சரக்குதான். அதில் ஒரு குறையும் இல்லை. தயாரித்தவர்கள் எச்சரிக்கை எழுதியே அனுப்பியிருந்தார்கள். குறை முழுவதும் அதைக் கைமாற்றிய எங்களிடம். அதன் பிறகு கம்பெனிப் பிரதிநிதிகளிடமும், பந்தயத் தடத்துக்கு வண்டி கொண்டுபோகும் மெக்கானிக்குகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிரேக் என்ன வேலை செய்கிறது?

பிரேக் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால், அந்தச் சூட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதே கார் 140 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் மூன்று லிட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. சூடோ இரண்டு மடங்கு. இதில் பெரும்பங்கை முன் சக்கரத்து பிரேக்தான் தாங்குகிறது.

சாலையில் ஒரு முறை நின்றால், அடுத்த முறை நிற்பதற்குள் டிஸ்க் ஆறிவிடும். பந்தயத் தடத்தில் அப்படியல்ல. இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்று 3.7 கி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை பலமாக பிரேக் மிதிக்க வேண்டும். டிஸ்க் ஆற நேரமே இல்லை. ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் இறங்கும்போதும் ஏறக்குறைய இதே நிலைதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் எந்தப் பேட்டும் ஒரு கட்டத்தில் கைவிடும்.

இங்கே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயர். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். பலமாக மிதிக்கும்போது பெடல் காலடியில் படபடவென்று துடித்தால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, அதாவது டயரின் பிடி முழுவதும் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டிக்கு இன்னும் பெரிய பிரேக் போட்டாலும் ஒரே ஒரு முறை நிற்கும் தூரம் குறையாது. பெரிய பிரேக்கின் பலன், பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை போலவே பிடிப்பதில்தான் இருக்கிறது. தேய்ந்த டயரோடு வந்து பெரிய பிரேக் கேட்பவரிடம், முதலில் டயரை மாற்றுங்கள் என்று சொல்வதே நேர்மை.

பேட்: பெயரைப் பார்க்காதீர்கள், சூட்டைப் பாருங்கள்

1888ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு மகன்களோடு நெடுந்தூரம் பயணம் போனார். வழியில் மரக்கட்டை பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதன்மேல் ஆணி அடிக்கச் சொன்னார். அதையே முதல் பிரேக் லைனிங் என்கிறார்கள். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணத்துக்குத் துணை நின்றவர்களில் நம்மைப் போன்ற கடைக்காரர்களும் இருந்தார்கள். அதே பென்ஸ் பெயரைத் தாங்கிய பாரத் பென்ஸ் லாரி இன்று நம் ஒரகடத்தில் தயாராகிறது.

தோலில் தொடங்கிய பேட் இன்று பல வகை. நார், பிசின் கலந்த ஆர்கானிக் வகை மென்மையானது. சத்தமில்லை, டிஸ்க்கைத் தின்னாது, ஆனால் சூடு அதிகமானால் பிடி தளரும். இரும்புத்தூள் கலந்த செமி மெட்டாலிக் வகை சூடு தாங்கும். சத்தமும் கருப்புத் தூசியும் உண்டு, டிஸ்க்கும் கொஞ்சம் விரைவாகத் தேயும். செராமிக் வகையில் தூசி குறைவு, சத்தம் குறைவு, விலை கூடுதல். 'செராமிக்' என்றதும் பந்தயத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நம் கடையில் விற்கும் செராமிக் பேட்டில் பெரும்பாலானவை சாலைக்கான சொகுசுப் பேட்தான். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க் முற்றிலும் வேறு சரக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

முழுப் பந்தயப் பேட் தனி இனம். சாலைப் பேட் கைவிடும் சூட்டிலும் அது பிடிக்கும். ஆனால் அதற்கு முதலில் நன்றாகச் சூடேற வேண்டும். ஆறிய டிஸ்க்கில் அது சாதாரணப் பேட்டைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அந்த இளைஞருக்கு நடந்தது இதுதான். மார்கழிக் குளிர் காரணமல்ல. சித்திரை வெயிலில் நடந்திருந்தாலும், வீட்டிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டருக்குள் அந்தப் பேட்டுக்கு வேண்டிய சூடு ஏறியிருக்காது. சாலையில் குழந்தை குறுக்கே ஓடுவது பிரேக் சூடான பிறகுதான் என்று எந்த விதியும் இல்லையே.

பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளின் கடைசியில் சில சரக்குகளில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். இது அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடி, இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டில் உள்ள பிடி. 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25க்கு மேல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35க்கு மேல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45க்கு மேல் 0.55 வரை. 'எஃப் இ' என்றிருந்தால் சூடேறும்போது பிடி தளர்கிறது என்று பொருள். 'எஃப் எஃப்' என்றால் இரண்டு நிலையிலும் ஒரே வகுப்பு. இது பேட்டின் ஆயுளையோ முழுத் தரத்தையோ சொல்லாது. ஆனால் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டு வாடிக்கையாளருக்கு விளக்க உதவும்.

வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே 'ஆர் 90' என்ற குறியும் இருந்தால், அது ஐரோப்பிய விதிப்படி சாலைக்குத் தேர்வான மாற்றுப் பேட். ஒரிஜினல் பேட்டின் பிடியோடு ஒப்பிட்டால் 15 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அளவுக்கு மேல் பிடித்தாலும் தேறாது. சாலையில் ஓடும் வேகமான காருக்கு இந்தக் குறியுள்ள, கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும் பேட்டே போதுமானது.

டிஸ்க்: அழகும் வேலையும்

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. சக்கரத்தின் இடைவெளியில் பளபளவென்று தெரிவதால் இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பழைய காலப் பேட்கள் சூட்டில் வாயுவை வெளியிட்டதால் அது வெளியேற ஓட்டை போட்டார்கள். இன்றைய பேட்டில் அந்தத் தேவை குறைவு. மழையில் தண்ணீரை விலக்க ஓட்டை கொஞ்சம் உதவும். ஆனால் மீண்டும் மீண்டும் கடும் சூடேறி ஆறும்போது விரிசல் பெரும்பாலும் ஓட்டையின் ஓரத்தில்தான் தொடங்கும். மலிவு விலை டிஸ்க்கை வாங்கி நம் ஊர்ப் பட்டறையில் டிரில் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதை நான் கடைக்குள் அனுமதிப்பதில்லை.

கோடு வெட்டிய டிஸ்க் பேட்டின் முகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். பேட் கொஞ்சம் விரைவாகத் தேயும், லேசாக உறுமும். தடத்துக்குப் போகிறவருக்கு ஓட்டையைவிடக் கோடு மேல். இரண்டுமே இல்லாத, நடுவில் காற்றுப் பாதையுள்ள நல்ல வார்ப்பிரும்பு டிஸ்க்தான் பெரும்பாலோருக்குச் சரி. டிஸ்க்கின் எடையே அதன் சூடு தாங்கும் திறன். ஒரே அளவில் இரண்டு கம்பெனி டிஸ்க் இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்று மிகவும் லேசாக இருந்தால் யோசியுங்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். சான்றாக, புதிதில் 22 மி.மீ. உள்ள ஒன்றில் 20 என்று இருக்கலாம். அதற்குக் கீழே தேய்ந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் பயனில்லை. டிஸ்க்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடப்பக்கம் புதிது, வலப்பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெரிய டிஸ்க் கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. 256 மி.மீ. டிஸ்க்குக்குப் பதில் 288 மி.மீ. போட்டால், அதே மிதிக்குச் சக்கரத்தை நிறுத்தும் விசை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதற்குக் காலிப்பரைத் தள்ளி மாட்டும் பிராக்கெட் வேண்டும். சக்கர ரிம்முக்குள் இடம் வேண்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள பிரேக் பங்கீடும் மாறும். பின்பக்கம் மட்டும் அதிகம் பிடிக்கும் பேட்டைப் போட்டுவிட்டால், அவசரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் உருவான வாகன ஆராய்ச்சி மையம் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தடங்களில் ஓட்டிச் சோதித்துத்தான் ஒரு வண்டிக்குச் சான்று தருகிறார்கள். அப்படி அமைந்த பங்கீட்டை நாம் ஒரு பெட்டியைக் கொடுத்துக் கலைத்துவிடக் கூடாது.

முதலில் விற்க வேண்டியது பிரேக் ஆயில்

'தடத்தில் நாலு சுற்று ஓட்டினேன், பெடல் உள்ளே போய்விட்டது, பெரிய டிஸ்க் கொடுங்கள்' என்று வருபவர்களிடம் நான் கேட்பது, ஆயில் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்றுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரை மாவட்டங்களில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4க்கு இந்தக் கணக்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது.

டாட் 5 என்பது சிலிகான் ஆயில். 5.1 என்று நினைத்து அதைக் கொடுத்துவிடக் கூடாது. மற்றவற்றோடு அது கலக்காது. உங்கள் கடைப் பையன்களுக்கு இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். மூடி திறந்த டப்பாவைத் திரும்ப வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

சில நூறு ரூபாய் ஆயிலில் தீரும் குறைக்குப் பல ஆயிரம் ரூபாய் டிஸ்க்கை விற்றால் அன்றைய கல்லா நிறையும். அடுத்த வாரம் அதே குறையோடு அதே ஆள் திரும்பி வந்து நிற்பார்.

யாருக்கு எதைக் கொடுப்பது?

என் கடையில் வேகமான கார் வைத்திருப்பவர்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டிவிட்டு எப்போதாவது நெடுஞ்சாலையில் போகிறவர் முதல் வகை. இவருக்கு நல்ல கம்பெனிப் பேட், புது ஆயில், நல்ல டயர். டிஸ்க் தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிது. இதற்கு மேல் விற்றால் அது அவருக்காக அல்ல, நமக்காக.

அடிக்கடி மலைப்பாதை போகிறவர், அல்லது எஞ்சின் சக்தியைக் கூட்டியவர் இரண்டாம் வகை. இவருக்குச் சாலைக்கென்றே செய்த, கூடுதல் சூடு தாங்கும் பேட். டாட் 4 அல்லது 5.1 ஆயில், வண்டியின் கையேடு எதை அனுமதிக்கிறதோ அது. கனமான சாதா டிஸ்க் அல்லது கோடு வெட்டியது. பழைய வண்டியானால் ரப்பர் ஹோஸ் ஊதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

பந்தயத் தடத்துக்குப் போகிறவர் மூன்றாம் வகை. இவருக்கு இரண்டு செட் பேட். ஒன்று சாலைக்கு, ஒன்று தடத்துக்கு. தடத்தில் மாட்டி, அங்கேயே கழற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டும். 'அவ்வளவு சிரமப்பட முடியாது' என்பவருக்குப் பந்தயப் பேட் என் கடையில் கிடையாது. வேறு கடையில் வாங்கிக்கொள்வார் என்றால் வாங்கிக்கொள்ளட்டும்.

எந்தப் பேட்டானாலும் மாட்டியவுடன் டிஸ்க்கோடு உட்கார வேண்டும். பொதுவாக, வண்டி நெருக்கடி இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பத்து முறை வேகத்தைக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுவார்கள். பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. மாட்டிய முதல் நாளே பலமாக மிதித்துப் பார்ப்பதால்தான் 'டிஸ்க் ஆடுது' என்ற புகார் பலவும் வருகிறது.

டூப்ளிகேட்டும் சட்டமும்

பிரேக் சரக்கில் நம் பகுதி யாருக்கும் இளைத்ததல்ல. பாடியில் 1962ல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. அம்பத்தூரில் ரானே, பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று இந்தத் தொழில் சென்னையைச் சுற்றியே வளர்ந்தது. இத்தனை நல்ல சரக்கு பக்கத்தில் இருக்கும்போது, இத்தாலிப் பெயர் அச்சிட்ட போலிப் பெட்டியைப் பில் இல்லாமல் வாங்கி விற்பது நமக்கு அழகல்ல. உதிரிபாகத்துக்கு 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. இருந்தபோது 'பில் வேண்டாம்' என்று கேட்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்ட பிறகு அந்தச் சாக்குக்கும் வேலையில்லை.

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி போலிச் சரக்கை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவை ஒவ்வொரு வணிகரும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பாகலாம். தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனாலேயே தீங்கு நேர்ந்தாலும் விற்றவர் பொறுப்பாகலாம். 2016ல் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெட்டியின் இரண்டு வரி என்னை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கும்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. தேயும் பாகங்களை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. அதற்கு மேலே அமைப்பையே மாற்ற விரும்புபவரை, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில்

என் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பேட், டிஸ்க் கேட்டு வரும் எல்லோரிடமும் அதிலுள்ள ஐந்து கேள்விகளைக் கேட்ட பிறகே பில் போட வேண்டும் என்பது கடைப் பையன்களுக்குக் கட்டளை.

1. வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள்? ஊருக்குள்ளா, மலையிலா, தடத்திலா?
2. இப்போதுள்ள பிரேக்கில் என்ன குறை? முதல் மிதியிலா, பல முறை மிதித்த பிறகா?
3. பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாள்? டயர் எப்படி இருக்கிறது?
4. டிஸ்க் கனம் அளந்தீர்களா? ரிம் என்ன அளவு?
5. யார் மாட்டப் போகிறார்? பெட்டியில் உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டுவீர்களா?

ஐந்து நிமிடம் ஆகிறது. சிலர் பொறுமையில்லாமல் போய்விடுகிறார்கள். கேட்டுப் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர், கேட்டு வந்ததைவிடக் குறைந்த விலைச் சரக்கோடு திரும்புகிறார்கள். ஆரம்பத்தில் என் மகனே, "அப்பா, வர்ற வியாபாரத்தை நாமே குறைச்சுக்கலாமா?" என்று கேட்டான். ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது திரும்பி வரும் சரக்கும் மெக்கானிக் தகராறும் குறைந்திருந்தன. "அந்தக் கடையில கேட்டுட்டு வாங்கு" என்று மெக்கானிக்குகளே ஆள் அனுப்புகிறார்கள். இப்போது அந்தத் தாளை அவன்தான் வருஷா வருஷம் புதிதாக எழுதி வைக்கிறான்.

அந்த இளைஞர் இன்றும் என் வாடிக்கையாளர். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேறு கார் வாங்கிவிட்டார். போன வருஷம் பேட் மாற்ற வந்தவர், பில் போடுமுன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் முழுவதையும் படித்தார். நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு பெட்டியை எடுத்துப் படித்தேன்.

நண்பர்களே, நாம் விற்கும் பொருளில் பல, கெட்டுப்போனால் வாங்கியவருக்கு மட்டும் நஷ்டம். பிரேக் அப்படியல்ல. நம் கடைக்கு வராத, நம்மிடம் ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்காத ஒருவர் சைக்கிளில் சாலையைக் கடக்கிறார். அவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைக் கொடுப்போம்.